நடுரோட்டில் போலீஸ் நிறுத்தி விசா கேட்டால்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாலை. நான், மனைவி, பின் சீட்டில் மகன். ஒரு சின்ன கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கடந்துகொண்டிருந்தபோது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. இடது டெயில் லைட் எரியவில்லையாம், ஆனால் அதை அவர் பிறகுதான் சொன்னார். ஷெரிப் அலுவலக டெபுடி (கவுண்டி போலீஸ்காரர்) என் லைசென்ஸை வாங்கினார். அதில் ‘லிமிட்டெட் டெர்ம்’ (விசாவில் இருப்பவர்களுக்கான குறுகிய கால லைசென்ஸ்) என்று இருந்ததைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். முதல் கேள்வியே டெயில் லைட்டைப் பற்றி இல்லை. “எங்கே பிறந்தாய்?”

நான் பதறிப்போய் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அதில் ஒட்டியிருந்த எச்-1பி (வேலை) விசா 2 வருடம் முன்பே காலாவதி. “எக்ஸ்பயர்ட்” என்று சொல்லிவிட்டுத் தன் காருக்குப் போனவர் திரும்பி வர 50 நிமிடம். மொத்தம் 70 நிமிடம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு எச்சரிக்கைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் ஸ்டேட்டஸில் (நாட்டில் தங்கும் அனுமதியில்) ஒரு குறையும் இல்லை. குறை நான் கையில் வைத்திருந்த காகிதத்திலும், அதைவிட அதிகமாக என் வாயிலும் இருந்தது. அதன்பின் வக்கீலைப் பார்த்தது, வீடியோ கேட்டது, புகார் கொடுத்தது என்று அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் நிலைமை சிக்கலானது என்றால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

1. உங்கள் ஊர் போலீஸுக்கு என்ன அதிகாரம் என்று பாருங்கள்

குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் வேலை, உள்ளூர் போலீஸ் கேட்க முடியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். டெக்சஸில் அதை நம்பிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். 2017இல் வந்த எஸ்.பி. 4 (மாநில செனட் மசோதா 4) சட்டப்படி, சட்டப்படி நிறுத்தப்பட்டவரிடமோ கைதானவரிடமோ குடியேற்ற நிலையைக் கேட்பதிலிருந்து போலீஸை யாரும் தடுக்க முடியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் மட்டும் தேவையில்லாமல் கேட்கக் கூடாது. அதனால் வீட்டில் திருட்டுப் போனால் போலீஸைக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

அடுத்தது 287(ஜி) ஒப்பந்தம். உள்ளூர் போலீஸுக்குப் பயிற்சி கொடுத்து, குடியேற்ற அதிகாரியின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யவிடும் ஏற்பாடு. இதில் ஒரு வகை சிறைக்குள் மட்டும் செல்லும். ‘டாஸ்க் ஃபோர்ஸ்’ வகை ரோட்டிலும் செல்லும்; 2012இல் கைவிட்ட இந்த வகையை 2025இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். டெக்சஸில் 2025இல் நிறைவேறிய எஸ்.பி. 8, சிறை நடத்தும் ஷெரிப் அலுவலகங்கள் 2026 டிசம்பர் 1க்குள் ஏதாவது ஒரு வகையில் சேர வேண்டும் என்கிறது. யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஐஸ் (ICE, மத்திய அரசின் குடியேற்ற அமலாக்க அமைப்பு) தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. உங்கள் கவுண்டி, வேலைக்குப் போகும் கவுண்டி, அடிக்கடி கடக்கும் கவுண்டி மூன்றையும் தேடிப் பாருங்கள். 5 நிமிட வேலை.

கலிபோர்னியா, இல்லினாய் மாநிலங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே உள்ளூர் போலீஸ் இதில் தலையிடுவதை மாநிலச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. அங்கிருக்கும் மச்சான் சொன்ன அறிவுரையை இங்கே பின்பற்ற வேண்டாம்.

2. காருக்கு ஒரு கவர் தயார் செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி, நான் கோட்டைவிட்டதும் இதில்தான்.

18 வயது நிரம்பிய, குடிமகன் அல்லாத எல்லாரும் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். மீறினால் அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். பல வருடங்களாக யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை, இப்போது கண்டுகொள்கிறார்கள். எது பதிவுச் சான்று? கிரீன் கார்டு, ஈ.ஏ.டி. (வேலை அனுமதி) அட்டை, அல்லது ஐ-94 (எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவு). லைசென்ஸ் இதில் சேராது.

கிரீன் கார்டும் ஈ.ஏ.டி.யும் அசல் அட்டையே பர்ஸில் இருக்க வேண்டும். தொலைந்தால்? கிரீன் கார்டுக்கு ஐ-90 படிவம். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப் பட்டியல்படி ஆன்லைனில் 415 டாலர், தாளில் 465 டாலர். எச்-1பி, எச்-4 (எச்-1பி ஆட்களின் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) ஆட்களுக்கு ஐ-94தான் எல்லாம். இதை சி.பி.பி. (எல்லை, சுங்க அமைப்பு) இணையதளத்தில் எடுக்க ஒரு பைசா செலவில்லை. தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் பணம் கேட்கும், முகவரி .gov என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. நாட்டுக்குள்ளேயே இருந்து எச்-1பி நீட்டித்திருந்தால் உங்கள் புதிய ஐ-94 சி.பி.பி. தளத்தில் இருக்காது. ஐ-797ஏ அனுமதித் தாளின் அடியில் கிழித்தெடுக்கும்படி ஒரு துண்டு இருக்கிறதே, அதுதான் புதிய ஐ-94. தளத்தில் இருப்பது கடைசியாக விமானத்தில் வந்து இறங்கியபோது கொடுத்த பழையது. அதை மட்டும் அச்செடுத்து வைத்தால் நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி. அந்தத் துண்டு தொலைந்தால் ஐ-102 படிவம், 560 டாலர். அசலைப் பத்திரப்படுத்துங்கள். நீட்டிப்பு மனு இன்னும் நிலுவையில் இருந்தால் ஐ-797சி ரசீதை வையுங்கள். நேரத்துக்கு மனு போட்டிருந்தால் அதே முதலாளியிடம் 240 நாள் வரை வேலை செய்யலாம், ஆனால் ரசீது இல்லாமல் அதை ரோட்டில் புரியவைப்பது நடக்காத காரியம்.

விசாவும் ஐ-94ம் வேறு வேறு. விசா நாட்டுக்குள் நுழைய, ஐ-94 தங்க. விசா காலாவதியானாலும் ஐ-94 உயிரோடு இருந்தால் நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள். நமக்கு இது பாலபாடம், ஊர் டெபுடிக்கு அல்ல. அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினால் பெரிதாகக் கண்ணில் படுவது விசாதான். அதனால் இப்போது நான் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு, முகப்புப் பக்கத்தின் நகலை மட்டும் எடுத்துப்போகிறேன். (எல்லைச் சோதனைச் சாவடி இருக்கும் தெற்குப் பக்கம் போனால் மட்டும் அசல்.)

அப்புறம் பெயர். நம் ஆட்கள் பலருக்கு பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலி. விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்து உட்கார்ந்துவிடும். லைசென்ஸில் அப்பா பெயர் ஒட்டியிருக்கும், ஐ-94இல் இருக்காது. டெபுடி லைசென்ஸில் உள்ள பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. எனக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் லைசென்ஸை அடுத்த முறை புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட்படி மாற்றச் சொல்லுங்கள்.

கவரில் என்ன இருக்க வேண்டும்: ஒவ்வொரு பெரியவருக்கும் தற்போதைய ஐ-94 (தேதி மீது மஞ்சள் மார்க்கர்), ஐ-797 நகல், பாஸ்போர்ட் முகப்பு நகல், கார் இன்ஷூரன்ஸ், வக்கீல் எண். எச்-4 மனைவி, மாமியார், சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மா எல்லாருக்கும் தனித்தனியாக. கவரை குளோவ் பாக்ஸில் அடைக்காதீர்கள். டிரைவர் பக்கத்து சன் வைசரிலோ கதவு அறையிலோ வையுங்கள். போலீஸ் ஜன்னல் அருகே நிற்கும்போது குனிந்து துழாவுவது நல்லதல்ல.

எல்லாம் போனில் இருக்கிறதே என்பீர்கள். போனைத் திறந்து போலீஸ் கையில் கொடுப்பது, அவர் வாரன்ட் இல்லாமல் பார்க்க முடியாததை எல்லாம் நீங்களாகத் திறந்துவிடுவது. போனைத் தேட வாரன்ட் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது. காகிதம் போதும்.

3. மறந்துபோகும் தேதிகள்

வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 (முகவரி மாற்றப் படிவம்). ஆன்லைன், இலவசம், 10 நிமிடம். அபார்ட்மென்ட்டுக்குள்ளேயே வேறு யூனிட்டுக்குப் போனாலும் போட வேண்டும். உறுதி ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

பிள்ளைக்கு 14 வயது முடிந்தால் 30 நாளுக்குள் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். எச்-4 பிள்ளைகளுக்கு ஜி-325ஆர் படிவம், ஆன்லைனில். 2025 ஏப்ரல் 11 முதல் இதைக் கறாராகப் பார்க்கிறார்கள். என் அபார்ட்மென்ட்டில் 3 குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது.

எச்-1பி ஆட்களின் டெக்சஸ் லைசென்ஸ் ஐ-94 தேதியோடு காலாவதியாகும். 33 டாலர், நேரில்தான் போக வேண்டும். டி.பி.எஸ். (லைசென்ஸ் கொடுக்கும் மாநிலத் துறை) அலுவலக அப்பாயின்ட்மென்ட் பல வாரம் தள்ளித்தான் கிடைக்கும், ஐ-797 வருமுன்பே ஒரு தேதியைப் பிடித்து வைத்துவிடுங்கள்.

4. விளக்கு சுழலும்போது

வலது ஓரம் நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், உள் விளக்கைப் போடுங்கள், கை ஸ்டீரிங் மேல். இறங்காதீர்கள். நம் ஊரில் இறங்கிப்போய்ப் பேசுவது மரியாதை, இங்கே அது மிரட்டல்.

ஓட்டியவர் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் காட்டியே ஆக வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் முதல் முறை பிடிபட்டால் 175 முதல் 350 டாலர் அபராதம். இதுவரை வாதமே இல்லை.

“எங்கே பிறந்தாய்”, “எப்படி இந்த நாட்டுக்கு வந்தாய்” என்று கேள்வி திரும்பும்போதுதான் நாக்கைக் கட்ட வேண்டும். பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. “ஐ சூஸ் நாட் டு ஆன்சர்” என்று அமைதியாகச் சொல்லலாம். ஆனால் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்கும் கடமையும் நமக்கு உண்டே, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? என் வக்கீல் ஒரே வரியில் சொன்னார்: தாளைக் காட்டு, கதை சொல்லாதே. கேட்டால் ஐ-94ஐ நீட்டுங்கள், மஞ்சள் மார்க்கர் போட்ட தேதியைக் காட்டுங்கள், நிறுத்துங்கள். இது செல்லுபடியாகும் ஸ்டேட்டஸ் உள்ளவர்களுக்கு. ஸ்டேட்டஸ் முடிந்துபோனவர்கள், அகதி மனு நிலுவையில் இருக்கும் ஈழத்து உறவுகள், எந்தத் தாளைக் காட்டுவது என்பதை இப்போதே வக்கீலிடம் கேட்டு வையுங்கள். ரோட்டில் முடிவு செய்யும் விஷயம் அல்ல அது.

நான் அன்று என்ன செய்தேன் தெரியுமா? “விசா எக்ஸ்பயர் ஆயிடுச்சு, ஆனா பிராப்ளம் இல்ல, எக்ஸ்டென்ஷன் போட்டாங்க, நடுவுல கம்பெனி மாறினேன், டிரான்ஸ்ஃபர்...” என்று 4 நிமிடம் பேசினேன். வீடியோவில் திரும்பக் கேட்டபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

பக்கத்தில் இருப்பவர், சும்மா உட்கார்ந்து வந்த பயணி, கைது ஆகாதவரை பெயர் சொல்ல டெக்சஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பொய்ப் பெயர் சொன்னால் மட்டும் அது குற்றம். காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், “ஐ டோன்ட் கன்சென்ட்”. மறித்துப் பேச வேண்டாம், இந்த ஒரு வாக்கியம் போதும்.

டிக்கெட்டோ எச்சரிக்கையோ கொடுத்து முடித்ததும் கேளுங்கள்: “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” நிறுத்திய காரணத்துக்கான வேலை முடிந்தபின், வேறு நியாயமான சந்தேகம் இல்லாமல் நேரத்தை இழுக்கக் கூடாது என்று 2015இல் ராட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உடனே விட்டிருப்பார் என்று சொல்ல வரவில்லை. கேள்வி பாடி கேமராவில் பதிவாகியிருக்கும், அது பின்னால் உதவும்.

மனைவி போனில் படம் எடுக்கலாம். டெக்சஸில் போலீஸைப் படமெடுக்கும் உரிமையை 5ஆவது சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ஏற்றிருக்கிறது. கையை நீட்டி முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் டேஷ்போர்டில் சாய்த்து வையுங்கள்.

5. ஒரே ஒரு பொய்

பயத்தில் “ஐ ஆம் எ சிட்டிசன்” என்று சொல்லிவிடாதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னால் பிற்காலத்தில் கிரீன் கார்டே கிடைக்காமல் போகும், அதற்கு மன்னிப்பு மனுவும் அநேகமாக இல்லை. டி.பி.எஸ். கவுன்டரில் லைசென்ஸ் படிவம் நிரப்பும்போது ‘வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா’ என்ற கட்டத்தில் கை தவறி ‘ஆம்’ போடுவதும் இதே வம்புதான்.

6. கைதானால்

வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். ஐஸ் ‘டீட்டெய்னர்’ (நாங்கள் வந்து கூட்டிப்போகும்வரை பிடித்து வையுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால், விடவேண்டிய நேரத்துக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கலாம். டெக்சஸ் சிறைகள் அதை மதித்தாக வேண்டும். அதனால் சின்ன வழக்கில் குடும்பத்தார் அவசரப்பட்டு ஜாமீன் கட்டுமுன் டீட்டெய்னர் இருக்கிறதா என்று வக்கீல் மூலம் கேளுங்கள். குடியேற்ற ஜாமீன் சட்டப்படி குறைந்தது 1,500 டாலர், முழுத் தொகையும் கட்ட வேண்டும்.

வீட்டில் இருப்பவர் கையில் ஜி-28 படிவம் (வக்கீலை நியமிப்பது) கையெழுத்திட்டுத் தயாராக இருந்தால் ஒரு நாள் மிச்சம். ஏ-எண் (குடியேற்றத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் எண்) இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஐஸ் தேடல் பக்கத்தில் பெயரை அவர்கள் பதிந்த மாதிரியே தட்ட வேண்டும், எஃப்.என்.யு. கதை மறுபடியும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிப் போகலாம் என்ற பட்டியலில் ஒரு நண்பர் பெயரைச் சேருங்கள்.

நான் வக்கீலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தது 250 டாலர். நடந்த பிறகு போனேன். முன்பே போயிருந்தால் அதே 250 இன்னும் அதிகம் உழைத்திருக்கும்.

7. அன்றிரவே எழுதுங்கள்

வீடு வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடாதீர்கள். நிறுத்திய நேரம், விட்ட நேரம், மைல் மார்க்கர், கார் எண், பேட்ஜ் எண், கேட்ட கேள்விகள் அப்படியே அவர் வார்த்தையில். மனைவி தனியாக எழுதட்டும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தாதீர்கள். எங்கள் இருவரின் குறிப்பிலும் “எங்கே பிறந்தாய்” என்பது டெயில் லைட் பேச்சுக்கு முன்பே வந்ததாக இருந்தது. வீடியோவிலும் அப்படித்தான்.

8. வீடியோ வாங்குங்கள்

டெக்சஸில் பாடி கேமரா பதிவைக் குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் இருக்கும் என்று நம்பாதீர்கள், முதல் வாரமே கேளுங்கள். எழுத்து மூலம், தேதி, தோராயமான நேரம், சரியான இடம், பதிவில் இருக்கும் ஒருவரின் பெயர், இவை நான்கும் கட்டாயம். இதில் ஒன்று விட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.

என் மனு திரும்பியது வேறு காரணத்துக்காக. அபராதம் மட்டுமே உள்ள சின்ன மீறல், கைது இல்லை என்றால், அந்தப் பதிவை அதில் இருப்பவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாதாம். கேட்பது நானேதான், படத்தில் இருப்பதும் நான்தான், இருந்தாலும் தாள் வேண்டும். மனைவியும் கையெழுத்துப் போட்டு ஒரு சம்மதக் கடிதம் சேர்த்தோம். முதல் மனுவிலேயே வைத்துவிடுங்கள், 3 வாரம் மிச்சமாகும்.

செலவு: ஒரு பதிவுக்கு 10 டாலர், அதற்குமேல் ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் 1 டாலர். என் 70 நிமிடத்துக்கு 80 டாலர். என்னை உட்கார வைத்ததற்கு நானே மீட்டர் கட்டணம் கட்டிய மாதிரி. கொடுக்க மறுக்க நினைத்தால் அவர்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் கருத்துக் கேட்கலாம். பாடி கேமரா என்றால் அதற்கு 20 வேலை நாள், அவர் பதில் சொல்ல 45 வேலை நாள். மூன்று மாதத்துக்குப் பொறுமை வேண்டும்.

9. புகார்

நடத்தையைப் பார்க்காமல் இனம், பிறந்த நாடு இவற்றை வைத்து நடவடிக்கை எடுப்பதை டெக்சஸ் சட்டம் 2001 முதல் தடை செய்கிறது. ஒவ்வொரு போலீஸ் அமைப்பும் இதற்கென்று புகார் வழி வைத்திருக்க வேண்டும், வருடாவருடம் எண்ணிக்கைகளை அறிக்கையாகவும் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள், புகாரில் மேற்கோள் காட்டலாம்.

சும்மா மின்னஞ்சலில் புலம்பினால் அது கணக்கில் வராது. எழுதி, கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நான் முதலில் அனுப்பிய நீளமான மின்னஞ்சலுக்கு “படிவத்தை நிரப்பவும்” என்று ஒரு வரிப் பதில் வந்தது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: உங்கள் புகாரின் நகல் அந்த அதிகாரிக்குப் போகும். அதே கவுண்டியில் தினமும் ஓட்டுபவர் என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

எழுதும்போது “எங்களை அவமானப்படுத்தினார்” என்பதெல்லாம் வேண்டாம். “6:42க்கு நிறுத்தினார், 6:44க்குப் பிறந்த இடம் கேட்டார், டெயில் லைட் பற்றி 6:47க்குச் சொன்னார்” என்ற மாதிரி எழுதுங்கள், வீடியோவின் நிமிடக் கணக்கோடு. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் குடியேற்றச் சோதனைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டின் தடையை நிறுத்தி வைத்தது. அப்போது நீதிபதி கவனா தனியாக எழுதியதில், இனத்தோற்றம் மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாக முடியாது, மற்றவற்றோடு சேர்ந்து ஒரு காரணமாகலாம் என்றார். ஆக “என் நிறத்தைப் பார்த்தார்” என்பது போதாது. வேறு எந்தக் காரணமும் அந்த நிமிடத்தில் அவரிடம் இல்லை என்பதை வரிசை காட்ட வேண்டும்.

எனக்கு 11 வாரம் கழித்துப் பதில் வந்தது: விதிமீறல் நிரூபணமாகவில்லை, ஆனால் டெபுடிக்கு ஐ-94 ஆவணங்கள் பற்றிப் பயிற்சி தரப்பட்டது. அவ்வளவுதான். அதற்குமேல் சிவில் வழக்குப் போட வேண்டும் என்றால் டெக்சஸில் சம்பவ நாளிலிருந்து 2 வருடம். நான் போடுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். டெயில் லைட் பல்ப் மறுநாளே மாற்றியாயிற்று, 9 டாலர்.